துரைசாமி பீடத்தின் பச்சை டைல்களுக்கு அடியில்

அனுப்புநர்:
தாரா விநாயகமூர்த்தி,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்.

பெறுநர்:
மாவட்ட நில அதிகாரி அவர்கள்,
கிள்ளான்.

பொருள்: மேரு அருகே, பழைய கோணத்தோட்டத்துத் துரைசாமி பீடத்தை வரும் வியாழக்கிழமை இடிப்பதை நிறுத்திவைத்து, அதனுள் இருக்கும் கல்லறைக் கல்லைப் படிக்க அனுமதி கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஒரு பல் மருத்துவமனையில் தாதியாக வேலை செய்கிறேன். எழுபத்தொன்பது வயதான என் அம்மா மார்க்கிரட்டின் சார்பில் இதை எழுதுகிறேன். இருப்பது மூன்றே நாள். பதற்றத்தில் எழுதுவதால் எங்காவது சொல் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2. அம்மா கோணத்தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய தாயார் சீதாலெட்சுமி, துரை பங்களாவில் சமையல் வேலை பார்த்தவர். தகப்பனார் அத்தோட்டத்தின் மேலாளர் ஹெக்டர் மெக்லெனன். ஸ்காட்லாந்தில் ஆர்ட்வென்னி என்ற சிறு கிராமத்துக்காரர். இருவருக்கும் திருமணம் நடக்கவில்லை. அம்மாவுக்கு இரண்டு வயதாகும்போது அவர் காய்ச்சலில் இறந்தார். தோட்டத்தின் எல்லையிலேயே அடக்கம் செய்தார்கள்.

3. நம்மவர்களின் அடையாள அட்டையில் பெயருக்குப் பின்னால் 'மகள்' என்றும் அதை அடுத்துத் தகப்பன் பெயரும் இருப்பது தாங்கள் அறிந்ததே. அம்மாவின் அட்டையில் 'மார்க்கிரட்' என்பதோடு சரி. எந்தக் கவுண்டரில் போய் நின்றாலும் "அப்பா பேரு எங்கம்மா?" என்று கேட்பார்கள். அம்மா சிரித்துச் சமாளிப்பார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

4. இரண்டு வருடமாக ஆர்ட்வென்னி தேவாலயப் பாதிரியாருடன் தொடர்பில் இருக்கிறேன். அங்கேதான் சிக்கல். அந்தக் கிராமத்தில் பாதிப்பேர் மெக்லெனன். ஹெக்டர் என்ற பெயரில் மலாயாவுக்கு வந்து திரும்பாதவர்கள் இருவர். வெவ்வேறு வீட்டுப் பிள்ளைகள். அப்பா தன் தாயின் பெயரைத்தான் எனக்கு வைத்தார் என்று அம்மா சொல்ல, மார்க்கிரட் இல்லாத வீடே இங்கில்லை என்று பாதிரியார் பதில் போட்டார். மரபணுச் சோதனையும் செய்து பார்த்தாயிற்று. தலைமுறை தலைமுறையாக ஒருவருக்கொருவர் பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர் அது, ஐயா. அம்மா எல்லாருக்கும் உறவு என்றுதான் வந்ததே தவிர, எந்த வீடு என்று வரவில்லை.

5. அந்த இரண்டு வீடுகளில் ஒன்றில் இப்போது யாருமில்லை. மற்ற வீட்டில் அவ்வீட்டு ஹெக்டரின் கடைசித் தங்கை ஐசொபெல் இருக்கிறார். வயது தொண்ணூற்றேழு. வீடியோ அழைப்பில் அம்மாவை நெடுநேரம் பார்த்தார். முகத்தை வைத்து நான் எதையும் சொல்லமாட்டேன், இங்கே எல்லாருக்கும் இதே மூக்குத்தான் என்றார். அவர்கள் ஊர் வழக்கப்படி, ஒரே பெயர்க்காரர்களைப் பிரித்தறியக் கல்லறைக் கல்லில் அவரவர் குடும்பப் பண்ணையின் பெயரையும் வெட்டுவார்களாம். தம் பண்ணையின் பெயரை மலாயாவில் வெட்டச் சொல்லி எழுதி அனுப்பியவர் தம் தகப்பனார் என்பது அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. கல்லில் அந்தப் பெயர் இருந்தால் இவள் என் அண்ணன் மகள் என்றார். இதைக் கேட்டு அம்மா அன்று சாப்பிடவில்லை.

6. ஆக, கல்லைப் போய்ப் பார்த்தால் போதும் என்று மேருவுக்குக் கிளம்பினோம். அங்கே கல்லறை இல்லை, கோயில் இருந்தது. இறந்துபோன துரையைத் தோட்டத்து மக்கள் எல்லைக் காவல் தெய்வமாக்கி, துரைசாமி என்று பெயரிட்டு, சுருட்டும் கறுப்பு பீரும் படைத்து இத்தனை காலமாகக் கும்பிட்டு வந்திருக்கிறார்கள். என் தாத்தாவுக்கு ஆடி மாதத்தில் திருவிழா நடப்பது எனக்கு அன்றுதான் தெரியும். அவர்கள் அன்பில் நான் குறை சொல்லவில்லை. ஆனால் திருப்பணியின்போது கல்லின் நான்கு பக்கமும் பச்சை டைல் பதித்துவிட்டார்கள். எழுத்து எதுவும் இருந்ததா என்று கமிட்டித் தலைவர் திரு. தங்கமணியைக் கேட்டேன். "இங்கிலீசுல என்னமோ நெறைய இருந்துச்சும்மா. சாமிக்கு எதுக்கு எழுத்துன்னு டைல் ஒட்டிட்டோம்" என்றார். படம் எடுக்கவில்லையா என்றேன். "சாமிய யாரும்மா போட்டோ எடுப்பா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

7. இப்போது நிலத்தை ஒரு நிறுவனம் வாங்கித் தொழிற்சாலை கட்டுகிறது. கோயிலுக்கு மாற்று இடம் தந்துவிட்டார்கள். புதன்கிழமை மாலை பூஜை செய்து, சாமியின் சக்தியைக் கலசத்தில் இறக்கிப் புது இடத்துக்குக் கொண்டுபோகிறார்கள். கல் அங்கேயே கிடக்கும். வியாழன் காலை ஏழு மணிக்கு இயந்திரம் வந்துவிடும்.

8. பூஜைக்கு முன்பே டைலைப் பெயர்க்கக் கேட்டேன். திரு. தங்கமணி, "கலசத்துல எறக்குனப்புறம் அது வெறும் கல்லுதாம்மா, என்ன வேணா பண்ணிக்குங்க. அதுக்கு முன்னாடி கை வெச்சா ஊர்ல நான் தலை காட்ட முடியாது" என்றார். சரி, பூஜை முடிந்ததும் பெயர்க்கிறேன் என்று நிறுவனத்தின் கட்டுமான மேலாளர் திரு. குருவிடம் போனேன். கலசம் வெளியேறியதும் வேலி அடைத்துவிடுவார்களாம், வெளியார் யாரும் உள்ளே வரக்கூடாதாம். அது கல்லறை, அதற்குரிய முறைப்படி நடக்க வேண்டும் என்றேன். "பிளான்ல கோயில்னுதான் இருக்கு ஆன்டி, கல்லறைன்னு இல்லயே. நான் என்ன பண்ண முடியும்லா" என்று கையை விரித்தார்.

9. ஐயா, புதன் மாலை வரை அது சாமி. அதற்குப் பிறகு இடிபாடு. நடுவில் ஒரு மனிதரின் கல்லறையாக இருக்க அதற்கு ஒரு மணி நேரத்தைக்கூட யாரும் தரவில்லை. இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

10. ஆகவே நான் வேண்டுவது இது. பூஜை முடிந்தபின் தங்கள் அலுவலர் ஒருவரை அனுப்பி, அவர் முன்னிலையில் முகப்பு டைல்களைப் பெயர்க்க உத்தரவிடுங்கள். கொத்தனாரை நானே அழைத்து வருகிறேன். அதுவரை இயந்திரம் நிற்கட்டும். எழுத்து தென்பட்டால் அதைக் கல்லறையாகப் பதிவு செய்து, எலும்புகளை முறைப்படி எடுத்து எங்களிடம் ஒப்படையுங்கள். வேறு பண்ணையின் பெயர் இருந்தாலும் சரி, அழுதுவிட்டு ஏற்றுக்கொள்வோம். படிக்காமல் உடைத்துவிட்டால் மட்டும் எங்களுக்கு ஆறுதலே கிடையாது.

11. ஐசொபெல் அம்மையாருக்கு நெஞ்சுச்சளி என்று பாதிரியார் நேற்று எழுதியிருந்தார். கல் என்ன சொல்கிறது என்று அவர் தினமும் கேட்கிறாராம். சனிக்கிழமை முதல் அம்மா பகல் முழுவதும் பீடத்தின் எதிரே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். வீட்டுக்கு வாங்க என்றால், "நான் எங்க அப்பா பக்கத்துலதானே இருக்கேன், நீ போ" என்கிறார். வியாழன் காலையும் அங்கேதான் இருப்பாராம். அவரை அங்கிருந்து எழுப்ப என்னால் ஆகாது. முயலவும் மாட்டேன் என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து, தொலைபேசியைக் கையிலேயே வைத்திருக்கும்,
(ஒப்பம்) தாரா விநாயகமூர்த்தி

இடம்: மேரு, கிள்ளான்
நாள்: 17 நவம்பர் 2025, திங்கட்கிழமை

பின்குறிப்பு: அம்மாவும் கையொப்பமிட விரும்பினார். தம் பெயருக்குப் பின்னால் அவர் எழுத நினைத்தது அடையாள அட்டையில் இல்லை, அதற்கு இன்னும் ஆதாரமும் இல்லை என்று எடுத்துச் சொன்னேன். பேனாவை வாங்கி எழுதிவிட்டார். நான் அதை அடித்து நீக்கவில்லை.

(ஒப்பம்) மார்க்கிரட், ஹெக்டர் மெக்லெனனின் மகள்