வேம்பார் உப்பளத்தில் நானும் பார்த்தேன்

அன்பு மாப்ள ஜெபா,

நேற்று வேம்பாருக்குப் போய்வந்தேன். உன்னிடம் சொல்ல நல்ல செய்தி எதுவும் இல்லை. நாம் வழக்கமாக நிற்கும் உப்பளத்தில் பாதிக்கு மேல் செம்மண் கொட்டி மேடாக்கிவிட்டார்கள். யாரோ வாங்கி வேலி போட்டிருக்கிறார்கள். மீதிப் பாத்திகளில் மழைத்தண்ணீர் கிடக்கிறது. கொசு உள்ளான் பறவைகள் இருபது முப்பது மேய்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் மூக்காகப் பார்த்தேன். எல்லாம் கொசு உள்ளான்தான்.

பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து நமக்குள் நீ, வா, போதான். என் தங்கை மெர்சியை நீ கட்டிய பிறகு, மாப்பிள்ளையிடம் மரியாதையாகப் பேசச் சொல்லி அம்மா என்னைத் திட்டிப் பார்த்தார். நடக்கவில்லை. உனக்கு அனல்மின் நிலையத்தில் ஷிப்ட், எனக்குத் துறைமுகத்தில் கிரேன் பராமரிப்பு. இரண்டு பேருக்கும் ஓய்வு சேர்ந்து வரும் நாளில் விடியுமுன் மில்லர்புரத்திலிருந்து உன் பைக்கில் கிளம்பிவிடுவோம்.

பறவை பார்க்கிற ஒவ்வொருவனுக்கும் சாவதற்குள் பார்த்துவிட வேண்டிய பறவை என்று ஒன்று இருக்கும். உனக்குக் கரண்டிமூக்கு உள்ளான். சிட்டுக்குருவி அளவுதான். ரஷ்யாவின் கடைசி மூலையில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்குத் தெற்கே இறங்கும். மூக்கின் நுனி மட்டும் சின்னக் கரண்டிபோல் விரிந்திருக்கும். உலகத்திலேயே கொஞ்சம்தான் மிச்சம். நம் கரைக்கு அது எங்கே வரப்போகிறது என்று நான் சொல்லும்போதெல்லாம், வழிதவறியாவது ஒன்று வரும் என்பாய்.

வந்தது. போன வருடத்துக்கு முந்தின வருடம், கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது. காலை ஏழு மணி இருக்கும். முக்காலியில் நிறுத்திய தொலைநோக்கியில், உன் ஸ்கோப்பில், குனிந்த நீ நிமிரவே இல்லை. பிறகு கண்ணை எடுக்காமலே கையை மட்டும் நீட்டி என் சட்டையைப் பிடித்து இழுத்தாய்.

"மச்சான், சீக்கிரம் பாரு."

பார்த்தேன். கொசு உள்ளான்களுக்கு நடுவே ஒன்று மட்டும் தலையை இடமும் வலமுமாக ஆட்டிச் சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தது. அது நிமிர்ந்து என் பக்கம் திரும்பியது. கறுத்த மூக்கு. நுனியில் கரண்டி. மூன்று நொடி இருக்கும். ஓர் உப்பு லாரி பாதையில் ஏறியதும் கூட்டம் மொத்தமும் எழும்பிக் கடல் பக்கம் போய்விட்டது. நீ கேமராவை உறையிலிருந்து எடுத்துக்கூட முடிக்கவில்லை.

"பாத்தியால?" என்று கேட்டாய். உன் கண் கலங்கியிருந்தது.

"சரியாத் தெரியலயே மாப்ள" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? சில வருடம் முன்பு ஒரு கடற்பறவைக்குத் தப்பாகப் பெயர் சொல்லி, பறவை பார்ப்பவர்களின் வாட்ஸப் குழுவில் நான் அவமானப்பட்டது உனக்குத் தெரியும். அதிலிருந்து மீண்டு, நம் பகுதிப் பறவைக் கணக்கெடுப்பை என்னிடம் ஒப்படைக்கும் அளவுக்கு அப்போதுதான் பெயர் எடுத்திருந்தேன். படம் இல்லாத ஒரு பறவைக்காக அதை இழக்கப் பயந்தேன். யோசித்துச் சொல்லவில்லை. வாய் முந்திக்கொண்டது. ஆனால் அன்று மத்தியானம் நீ குழுவில் எழுதியபோது எனக்கு யோசிக்க நிறைய நேரம் இருந்தது. பதிவுகளைச் சரிபார்க்கும் பெரியவர், அது மூக்கில் சேறு ஒட்டிய கொசு உள்ளானாக இருக்கும் என்றார். கூட இருந்த சாமுவேல் பார்த்தாரா என்று என்னையே கேட்டார். "நான் பார்க்கும்போது தெளிவாக இல்லை" என்று நிதானமாக, எழுத்துப்பிழை இல்லாமல் எழுதி அனுப்பினேன்.

அத்தோடு முடிந்தது. யாரோ ஒருவர் அடுப்படிக் கரண்டியின் படத்தைப் போட்டார். அதற்குப் பிறகு குழுவில் உன் பெயரே கரண்டி ஆகிவிட்டது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு நீ விலகிப் போனாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிறகு நீ தனியாகப் போக ஆரம்பித்தாய். ஷிப்ட் முடிந்து தூங்காமல்கூடப் போனாய் என்று மெர்சி சொல்வாள். ஒரு படம் கிடைத்தால் போதும் என்று இருந்தாய். அடுத்த மழைக்காலத்தில் சேற்றுக்குள் கிடந்த சிப்பி ஓடு உன் உள்ளங்காலைக் கிழித்தது. சர்க்கரையால் மரத்துப்போன கால். மூன்று நாள் கழித்து, தரையில் கறையைப் பார்த்து மெர்சிதான் கண்டுபிடித்தாள். முதலில் இரண்டு விரலை எடுத்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதற்குள் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு சாயங்காலம் நானும் நீயும் மட்டும் இருந்தோம். மெர்சி மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. நீ கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாய்.

"இந்த வருசம் வந்துச்சா மச்சான்?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். கஞ்சி குடித்தாயா என்று கேட்டேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். நாலாம் நாள் போய்விட்டாய்.

போன மாதம் மெர்சி உன் ஸ்கோப்பை எடுத்துக்கொள்ளச் சொல்லி என்னை வரவழைத்தாள். அதைக் கையில் வாங்க முடியவில்லை. அன்று நானும் பார்த்ததைச் சொல்லிவிட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவே இல்லை.

"அவியளுக்குத் தெரியும்ண்ணே. அன்னைக்கு வீட்டுக்கு வந்ததுமே சொன்னாவ. ஒங்க அண்ணன் பாத்துட்டான், பறவ போன பொறவும் ஸ்கோப்ப விட்டுக் கண்ண எடுக்கலன்னு."

பிறகு ஏன் என்னிடம் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டா நீ இன்னொரு பொய் சொல்லணும்லா. அதான் கேக்கல."

மடித்த துணியை அலமாரியில் வைத்துவிட்டு அவளே சொன்னாள். "நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவிய அத்தன நாளு அங்கன போயிருக்க மாட்டாவ." குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அதன்பிறகு அவள் என்னைக் கூப்பிடவில்லை. நான் போனால் காபி தருகிறாள். ஸ்கோப் மேசை மேலேயே இருக்கிறது.

மறுவாரமே குழுவில் நடந்ததை எல்லாம் எழுதினேன். பொய் சொன்னேன் என்றும் எழுதினேன். அந்தப் பெரியவர் மரியாதையாகவே பதில் போட்டார். இத்தனை நாள் கழித்து வரும் சாட்சியை, அதுவும் ஒருமுறை மாற்றிச் சொன்னவரின் சாட்சியை ஏற்க வழியில்லை என்றார். அவர் சொல்வது நியாயம்தானே? மற்றவர்கள் எதுவும் எழுதவில்லை. உன்னைக் கரண்டி என்றவர்களில் ஒருவர் மட்டும் போனில் கூப்பிட்டு, போனதை ஏன் கிளறுகிறாய் என்று கேட்டார்.

ஆக, எந்தப் பட்டியலிலும் அது ஏறாது மாப்ள. அந்தப் பாத்தியும் மூடப்பட்டுவிட்டது. நீ என்னை மன்னித்துத்தான் பேசாமல் இருந்தாயா, இல்லை வெறுத்துப்போயா? மெர்சிக்கும் தெரியவில்லை. நீ நேராகக் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன்.

கணக்கெடுப்புப் பொறுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். என் பெயர் எப்படிப் போனாலும் போகட்டும். கரண்டிமூக்கு உள்ளான் நம் கரைக்கு வந்ததுண்டா என்று யார் கேட்டாலும், யாரும் கேட்காவிட்டாலும், ஜெபா பார்த்தான், அவன் காட்டித்தான் நான் பார்த்தேன் என்று சொல்வேன். நம்ப மாட்டார்கள். இருந்தாலும் சாகும்வரை சொல்வேன்.

உன் பக்கத்தில் நின்று அதைப் பார்த்த
உன் மச்சான்,
சாமுவேல்