ஒரு கடிதத்துக்கு ஒரே பருவம்

கனசவா
பிப்ரவரி 11, 1979

இசாகு அவர்களுக்கு,

முகமன் வரிகளைத் தவிர்த்து எழுதுகிறேன். வடக்கே போகும்போது நீங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போன சீட்டும் இப்படித்தான் தொடங்கியது. ஆகவே தவறாக நினைக்கமாட்டீர்கள்.

விவாகரத்துப் பத்திரம் வந்து சேர்ந்தது. உங்கள் பெயர் முத்திரை நேராக விழுந்திருக்கிறது. என்னுடையதை இன்னும் குத்தவில்லை. அதற்கு முன் ஒரு காரியம் பாக்கி. குரிமோட்டோ தம்பதிக்குத் தெரிவிக்க வேண்டும். நம் சம்பந்தத்தைப் பேசி முடித்தவர்கள், கல்யாண விருந்தில் நமக்கு இருபுறமும் உட்கார்ந்திருந்தவர்கள். பத்திரத்தைப் பதியும் நகராட்சிக்குத் தெரிந்த பிறகு அவர்களுக்குத் தெரிவது மரியாதை இல்லை. தொலைபேசியும் கூடாது. ஒரே கடிதம், இருவர் பெயரும், முறைப்படி.

நான் வேலை செய்யும் குடைக்கடை முதலாளியம்மாவிடம் கடிதமுறைப் புத்தகம் இரவல் கேட்டேன். "ஏம்மா கயோ, புருஷனுக்கு எழுதக்கூட புஸ்தகம் வேணுமா உனக்கு?" என்றார். ஆமாம் என்றேன்.

முதல் நகலை நீங்கள் எழுதுங்கள். குடும்பப் பெயர் உங்களுடையது.

கயோ

•

வக்கனாய்
பிப்ரவரி 24

கயோ,

உன் கடிதம் நான்கு நாளில் வந்தது. எனக்கு இது எழுத வராது என்று உனக்குத் தெரியும். வானிலை நிலையத்தில் நாங்கள் எண்களைத்தான் எழுதுகிறோம்.

முதல் வரி: வணங்கி அறிவிக்கிறோம். அது எளிது. அடுத்து பருவம் வர வேண்டுமாம். ஜன்னலைப் பார்த்தேன். பனி, எழுபத்தொரு சென்டிமீட்டர் என்று எழுதினேன்.

ஹமாபே தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான். என்னோடு ஒரே அறையில் வேலை செய்பவன்.

"யோவ், இது கடுதாசியா, தந்தியா?"

"பருவம் எழுதணும்யா."

"எழுதுனா அழகா எழுதேன். பனி தூங்குது, கடல் தூங்குது, அப்படி ஏதாவது."

பனி தூங்குவதை நான் பார்த்ததில்லை. நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். திருத்து.

இசாகு

•

கனசவா
மார்ச் 6

இசாகு அவர்களுக்கு,

திருத்தியிருக்கிறேன்.

முறைக் கடிதத்தில் வரி மேலிருந்து கீழே இறங்கும். குரிமோட்டோ என்ற பெயர் வரியின் அடியில் விழக்கூடாது. "நாங்கள்" என்ற சொல் வரியின் தலையில் நிற்கக்கூடாது. நம்மை அடியில் எழுத வேண்டும், சிறியதாக. நீங்கள் மூன்று இடத்தில் நம்மைத் தலையில் நிறுத்தியிருக்கிறீர்கள். கடிதம் ஒரே தாளில் முடிந்தால் பின்னால் ஒரு வெற்றுத் தாள் வைக்க வேண்டும். உள்ளே ஊதாத் தாள் ஒட்டிய இரட்டை உறை வேண்டும்.

பருவத்தை மாற்றுங்கள். அவர்கள் இருப்பது கொமட்சுவில், என்னிடமிருந்து ரயிலில் அரை மணி நேரம். இங்கே பனி போய்விட்டது. குளியலறைச் சுவரை ஒட்டிய பிளம் மரம் பூத்துவிட்டது. விளக்கைப் போடாமல் குளித்தால், ஆவிக்குள் வாசனை வருகிறது. எது ஆவி, எது பூ என்று தெரிவதில்லை.

பிளம் என்று எழுதுங்கள்.

கயோ

•

வக்கனாய்
மார்ச் 19

கயோ,

பிளம் என்று எழுத முடியவில்லை. பேனாவை வைத்துப் பார்த்தேன்.

என் வேலை உனக்குத் தெரியும். பார்க்காததை நாங்கள் பதிவேட்டில் ஏற்றுவதில்லை. பூ வந்துவிட்டது என்று ஊரே சொன்னாலும், அதற்கென்று வைத்திருக்கும் மரத்தின் கீழே போய் நின்று, ஐந்து பூ எண்ணின பிறகுதான் வசந்தம். நான்கு இருந்தால் வசந்தம் இல்லை. கையெழுத்துப் போடுகிறவன் கண்ணால் பார்த்திருக்க வேண்டும்.

இதில் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஏப்ரலில் இங்கே அன்னங்கள் வந்து இறங்கும், இன்னும் வடக்கே போகிற வழியில். அன்னம் என்று எழுதலாமா? காலையில் கடல்மூட்டம் விலகும்போது, எதிர்த் தீவின் மலை மட்டும் அடியில்லாமல் மிதக்கிறது. அதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றும். பிறகு அலுவல் நேரம் வந்துவிடும்.

இசாகு

•

கனசவா
ஏப்ரல் 12

இசாகு அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது பிளம் உதிர்ந்திருந்தது. பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தபோது செர்ரி. இப்போது அதுவும் உதிர்கிறது. கடை வாசலில் விரித்து வைத்த குடைகளின் மேல் எல்லாம் பூ. முதலாளியம்மா, "தட்டாத, அப்படியே வித்துடலாம்" என்கிறார்.

நான் அன்னத்தைப் பார்க்கவில்லை. நீங்கள் பார்க்காததை எழுதமாட்டீர்கள் என்றால் நானும் எழுதமாட்டேன். ஒரு கடிதத்தில் இரண்டு பருவம் வைக்க முடியாது. புத்தகத்தில் தேடிப் பார்த்தேன். அப்படி ஒரு மாதிரி இல்லை.

ஒன்று கேட்கிறேன். அந்த இரவுச் சாப்பாட்டின்போது நீங்கள் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "வடக்க மாத்தல் வந்திருக்கு. சரின்னு சொல்லிட்டேன்." நான் சொன்னதும் நினைவிருக்கிறது. "அப்படியா. இன்னும் கொஞ்சம் சாதம் போடவா?"

அன்றைக்கு வெளியே என்ன பருவம்? அது மட்டும் நினைவுக்கு வரவில்லை. மாதம் தெரிகிறது. பருவம் தெரியவில்லை. பதிவு செய்வது உங்கள் வேலை. சொல்லுங்கள்.

கயோ

•

வக்கனாய்
மே 17

கயோ,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். எழுதிக் கிழித்தேன், பலமுறை.

இன்று காலை மரத்தில் ஐந்து பூ. பதிவேட்டில் ஏற்றிவிட்டேன். "வந்துடுச்சு சாமி, சட்டையைக் கழட்டலாம்" என்றான் ஹமாபே. எட்டு டிகிரி.

நீ கேட்டது. பக்கத்து வீட்டுப் பெர்சிமன் மரத்தில் பழம் இருந்தது. இலை முக்கால்வாசி போய்விட்டது. லேசான தூறல். சமையலறை ஜன்னலின் மேல் மூலையில் மூன்று பழம் தெரிந்தது. நீ நகர்ந்தால் நான்கு. நான் அவற்றைப் பார்த்துக்கொண்டுதான் பேசினேன். உன்னைப் பார்த்தால் சொல்ல வராது என்று.

ரயிலடியிலிருந்து வீடுவரை ஒரு வார்த்தையை உருட்டிக்கொண்டே வந்தேன். "வர்றியா?" அவ்வளவுதான். சரி என்று சொல்லிவிட்டேன், அடுத்தது "வர்றியா". அந்த இடத்தில் நீ சாதம் போடவா என்று கேட்டாய்.

கிண்ணத்தை நீட்டினேன்.

இசாகு

•

கனசவா
ஜூன் 2

இசாகு அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு நாள் அதைக் குடைப் பெட்டிக்குள் வைத்திருந்தேன்.

இப்போது அதைச் சொல்லி என்ன செய்ய? பதினெட்டு மாதத்துக்குப் பிறகு ஒரு வார்த்தை வந்தால் அதை எங்கே வைப்பது? நான் கோபமாக இல்லை. களைத்திருக்கிறேன்.

புத்தகத்தில் ஒரு வழி கிடைத்தது. துக்கக் கடிதத்துக்குப் பருவம் வேண்டாம். வணக்க வரியும் வேண்டாம். நேராக விஷயம். ஒரே தாள், பின்னால் வெற்றுத் தாள் வைக்கக்கூடாது, துக்கம் இன்னொரு முறை வந்துவிடும். உறையும் ஒற்றை உறை. நம் சிக்கல் தீர்ந்தது. பிளம்மும் வேண்டாம், அன்னமும் வேண்டாம்.

எழுதி முடித்து இத்துடன் அனுப்புகிறேன். முகவரியும் எழுதி அஞ்சல்தலையும் ஒட்டிவிட்டேன். முடிவில் உங்கள் முழுப்பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன். அதற்கு இடப்பக்கம் என் பெயர் மட்டும். மனைவி குடும்பப் பெயரை எழுதுவதில்லை. கணவனின் பெயருக்கு மேல் இருப்பதே அவளுக்கும் சேரும். எழுதியபின் பார்த்தேன். என் பெயருக்கு மேல் கொஞ்சம் வெள்ளை.

உங்கள் பெயரை எழுதி அங்கேயே தபாலில் போட்டுவிடுங்கள். போட்டாயிற்று என்று ஒரு வரி வந்ததும் நான் பத்திரத்தில் முத்திரை குத்துகிறேன்.

கயோ

•

வக்கனாய்
ஜூன் 10

கயோ,

தபாலில் போடவில்லை.

பெயரை எழுதினேன். உறையை ஒட்டினேன். தபால்பெட்டி நிலையத்து வாசலில்தான் இருக்கிறது, பன்னிரண்டு அடி தூரம். ஹமாபே எதிரே வந்தான். உறையைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டான்.

"யாருய்யா போயிட்டாங்க?"

"யாரும் போகலை."

"ஒத்தை உறை. இவ்வளவு மெல்லிசு. உள்ள ஒரே தாளா?"

"ஆமா."

"பிரிச்சதும் குரிமோட்டோ வீட்டம்மா முதல்ல சாமி அறைக்குத்தான் ஓடுவாங்க. விளக்கேத்திட்டுதான் படிப்பாங்க."

அங்கேயே நின்று எண்ணினேன். நீ இருக்கிறாய். நான் இருக்கிறேன். குரிமோட்டோ இருக்கிறார், அந்த அம்மா இருக்கிறார். நான்கு பேர். யாரும் சாகவில்லை. பார்க்காத மரணத்துக்கு எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?

உறையைப் பிரித்தேன். வேறு தாளில் முதல் வரியாக வணங்கி அறிவிக்கிறோம் என்று எழுதினேன். அடுத்த வரியைக் காலியாக விட்டேன். அதற்குப் பிறகு ஒன்றும் எழுதவில்லை. பின்னால் ஒரு வெற்றுத் தாளை வைத்தேன். இரட்டை உறை வாங்கினேன், கடைக்காரி பொன்நூல் கட்டியதைக் காட்டி, "கல்யாணமாங்க?" என்று கேட்டாள். சாதாரணமானது போதும் என்றேன்.

காலி வரியை இங்கிருந்து நிரப்ப முடியாது. இங்கே மழைக்காலம் என்று ஒன்று கிடையாது, உனக்குத் தெரியும். ஒரே கடிதத்துக்கு ஒரே பருவம் என்றால், இரண்டு பேர் ஒரே ஜன்னலைப் பார்க்க வேண்டும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ஐந்து நாள் விடுப்பு கேட்டு வாங்கியிருக்கிறேன். இருபத்தொன்றாம் தேதி பகல் ரயில். அந்த வரியை உன் மேசையில் உட்கார்ந்து எழுதலாமா? அதற்கடுத்த வரியில் என்ன வரும் என்று எனக்குத் தெரியவில்லை. நீ சொல்வதை எழுதுகிறேன். பிரிவுதான் என்றால் அதையும் எழுதுகிறேன், முறைப்படி, நம்மை வரியின் அடியில் வைத்து.

வர்றியா என்று கேட்கத் தவறிவிட்டேன். இது வேறு கேள்வி.

நான் வரட்டுமா?

இசாகு

•

கனசவா
ஜூன் 15

வணங்கி அறிவிக்கிறேன்.

மழைக்காலம் தொடங்கி நான்கு நாள் ஆகிறது. இந்த வாரம் குடைக்கடையில் உட்கார நேரமில்லை. வீட்டில் எல்லாம் ஈரம். தீப்பெட்டி பற்றுவதில்லை, தாளில் மை கொஞ்சம் பரவுகிறது, மன்னிக்கவும். சமையலறை ஜன்னலைத் துடைத்து வைத்திருக்கிறேன். அதன் கீழே ஹைட்ரேஞ்சியாப் பூ நீலமாகத் தொடங்கியிருக்கிறது. இன்று காலை குடை பிடித்துக்கொண்டு போய் எண்ணினேன்.

நான்கு கொத்து விரிந்திருக்கிறது.

ஐந்தாவதை நீங்கள் வந்து எண்ணுங்கள்.

பணிந்து முடிக்கிறேன்.

கயோ

முறைப்படி, பின்னால் ஒரு வெற்றுத் தாள்.