நான் அனுப்பிய பினாயில்

தாராவி, மும்பை-17
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் கோகிலாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, உன் தம்பி தமிழ்செல்வன், நான் மூவரும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் மாமியாரான என் மதினியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க பேராச்சி அம்மன் துணையிருப்பாள். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அடுப்படியில் நிற்கிறாய், பாதிப் பேச்சில் சிக்னல் போய்விடுகிறது. இது முழுசாகச் சொல்ல வேண்டிய விஷயம். உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும் என்பதால் பெரிய எழுத்தாக எழுதுகிறேன், அவசரப்படாமல் வாசி. தம்பிக்கு அம்பர்நாத் கம்பெனியில் வேலை நிரந்தரமாகிவிட்டது. விடிந்ததும் சயானில் லோக்கல் பிடிக்க ஓடுகிறான், அக்காவுக்கு தாதரில் சேலை எடுக்க வேண்டும் என்று ஒரு வாரமாக நிறம் கேட்டு என் உயிரை எடுக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை நீ அழுதுகொண்டே பேசியதிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. கல்யாணம் பேசும்போது நீ கேட்டது வீட்டோடு ஒரு கக்கூஸ், அவ்வளவுதான். மதினியும் மறுக்காமல் பின்பக்கத்தில் இரண்டு குழி வெட்டிக் கட்டிக் கொடுத்தார்கள். ஒரு குழி நிறைந்ததும் மூடிவிட்டு அடுத்ததற்குத் திருப்ப வேண்டும், மூடிய குழி இரண்டு வருஷத்தில் வாடையில்லாத மண்ணாகிவிடும், வாழைக்குப் போடலாம் என்று பஞ்சாயத்தில் சொன்னார்கள். அதை நம்பி இரண்டு வருஷம் கழித்து மாப்பிள்ளை மூடியைத் திறந்தால் உள்ளே சேறும் நாற்றமுமாக அப்படியே கிடக்கிறது என்றாய். மதினி ஆள் கூட்டி வந்து அள்ளச் சொன்னதும், நம்ம வீட்டுக் குழியில இன்னொரு மனுசன் இறங்கக் கூடாது என்று நீ குறுக்கே நின்றதும், அப்ப கக்கூஸ அடைச்சிரு, பழையபடி உடங்காட்டு முள்ளுக்குள்ளயே ஒதுங்கப் போவோம் என்று அவர்கள் சொன்னதும், அன்றிலிருந்து உன் கையால் காப்பிகூட வாங்கிக் குடிக்காததும் கேட்டு அப்பா சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுந்துவிட்டார். நீ சொன்னதுதான் சரி, அதில் மட்டும் பின்வாங்காதே.

அப்பாவின் பட்டறைக்குப் பக்கத்தில் கழிவு உறிஞ்சும் லாரி ஓட்டுகிற மன்சூர் அலி பாயிடம் போய் விஷயத்தைச் சொன்னோம். என்னை அண்ணி முறை வைத்துப் பேசுகிற அவர் முதலில் கேட்டதே, குழிக்குள்ள என்னத்த ஊத்துறாங்க பாபி என்றுதான். நான் பெருமையாகவே சொன்னேன், தினமும் பினாயில், சனிக்கிழமை ஆசிட், ஊருக்கு யார் ரயில் ஏறினாலும் அவர்கள் கையில் ஒரு கேன் கொடுத்துவிடுவேன் என்று. மனுஷன் தலையில் அடித்துக்கொண்டார். உள்ள இருக்கிற பூச்சி புழுதான் பாபி அத மண்ணாக்குது, நீங்க இங்கேருந்தே விஷம் அனுப்பிக் கொன்னுட்டீங்களே என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அப்பா வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார், எனக்குத்தான் கோபமாக வந்தது.

ஆக, தப்பு என்னுடையது கோகிலா. இங்கே சந்து முனை கக்கூஸுக்கு உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு லைனில் நிற்பேன், நீ மூக்கை என் முந்தானையில் புதைத்துக்கொள்வாய். அந்த வாடை என் பிள்ளைக்கு இனி வேண்டாம் என்று நினைத்துத்தான் கேன் கேனாக அனுப்பினேன். நல்லதென்று செய்தது உன்னைப் பேச்சு கேட்க வைத்துவிட்டது, மனசுக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது.

ஆனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. இரண்டாவது குழி இன்னும் பாதிகூட நிறையவில்லை என்று நீயே சொன்னாய், அதனால் அவசரமே இல்லை. திறந்த குழியில் காய்ந்த இலையும் கொஞ்சம் சாணியும் போட்டு மூடிவிட்டு இன்னொரு வருஷம் விடச் சொல்கிறார் பாய். இரண்டு குழிக்கும் நடுவில் இருக்கும் சின்னத் தொட்டியில் பழைய குழிக்குப் போகும் வாய் நன்றாக அடைத்திருக்கிறதா என்று மாப்பிள்ளையைப் பார்க்கச் சொல், தண்ணீர் கசிந்தால் காயாது. இனி தேய்த்துக் கழுவ பிரஷ்ஷும் தண்ணீரும் போதும். காய்ந்த பிறகும் யாரும் உள்ளே இறங்கக் கூடாது, மேலே நின்றுதான் அள்ள வேண்டும். இதை பாய் மூன்று தரம் சொன்னார், அவர் கண்ணால் பார்த்தது நிறைய.

இனி எழுதுவதை மதினிக்குச் சத்தமாக வாசித்துக் காட்டு. மதினி, உங்கள் குழியைக் கெடுத்தது உங்கள் மருமகள் இல்லை, நான்தான். திட்டுவதென்றால் எனக்குப் போன் போட்டுத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். அவள் போடுகிற காப்பியைக் குடியுங்கள். ஒரு வருஷம் முடிந்து வருகிற தைக்கு நானும் உங்கள் அண்ணனும் வருகிறோம். ஆள் தேட வேண்டாம், அந்தக் குழியை நாங்களே அள்ளி உங்கள் வாழைக்குப் போடுகிறோம்.

வேறு விசேஷம் இல்லை. மீதியிருக்கும் கேனை யார் கைக்கும் எட்டாமல் பரணில் வை. காலையில் வெறும் வயிற்றோடு வேலை பார்க்காதே. நீங்கள் எல்லோரும் நோய்நொடியில்லாமல் நல்லபடியாக இருக்க வேண்டும்.

உன் அம்மா,
விஜயராணி நெல்லையப்பன்

எழுதி முடித்த பிறகு ஒன்று. அப்பா இன்றைக்கே நீளக் கைப்பிடி போட்ட மண்வெட்டி ஒன்று வாங்கி வந்து கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறார். இன்னும் ஒரு வருஷம் இருக்கிறதே என்றால், இருக்கட்டும், என் மக வீட்டு வேலைக்கு என்கிறார்.