குழந்தைகள் நர்ஸ் என்று ஒரு பதவி இல்லை

சிம்வாலா,
ஜூன் 14

அன்புள்ள மடாலோவுக்கு,

எனாலா எழுதுகிறேன். வீட்டில் எல்லாரும் சுகம். வீட்டுக்காரர் யான்கோவின் மினிபஸ் இரண்டு வாரம் பட்டறையில் கிடந்துவிட்டு இப்போதுதான் ஓடத் தொடங்கியிருக்கிறது. எங்கள் குட்டி உலேமுவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. இங்கே குளிர் வந்துவிட்டது. ஏரிக்காற்று முகத்தில் அறைகிறது. உங்கள் இங்கிலாந்தில் இப்போது வெயில் என்று எழுதியிருந்தாய். நன்றாக அனுபவி.

போன கடிதத்தில் ஒன்று கேட்டிருந்தாய். பதினெட்டு மாதம் குழந்தைகள் நர்சிங் படித்துவிட்டு வந்தாயே, சம்பளம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று. ஒரு குவாச்சாகூட ஏறவில்லை. ஏன் ஏறவில்லை என்று சொல்லத்தான் இவ்வளவு தாள்களை எடுத்து வைத்திருக்கிறேன். கோபத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

சான்றிதழோடு திரும்பி வந்த வாரமே பணியாளர் அலுவலகத்தில் சிசலேயைப் பார்த்தேன். உனக்கு நினைவிருக்கும், உன் ராஜினாமாக் கடிதத்தை மூன்று முறை தொலைத்த அதே மனிதர். சான்றிதழின் முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். “சிஸ்டர், நல்ல படிப்புதான். ஆனா நம்ம ஊதியப் பட்டியல்ல குழந்தைகள் நர்ஸ்னு ஒரு பதவியே இல்லையே. நர்ஸ்னா நர்ஸ்தான். பெரியவங்களும் மனுஷங்க, குழந்தைங்களும் மனுஷங்கதானே?” என்றார்.

“ரெண்டு கிலோ குழந்தைக்கு மருந்து ஒரு சொட்டு கூடிப்போனா என்ன ஆகும்னு உங்க பட்டியல்ல போட்டிருக்கா சார்?” என்று கேட்டேன். அவர் பக்கத்து மேசைக்காரரைப் பார்த்து, “சிஸ்டருக்குக் கோபம் வருது” என்று சிரித்தார்.

உங்கள் இங்கிலாந்தில் படிப்புக்கு ஒரு படி, அனுபவத்துக்கு ஒரு படி, ஞாயிற்றுக்கிழமை வேலைக்குத் தனி என்று எழுதியிருந்தாய். இங்கே எதைப் பார்க்கிறார்கள் தெரியுமா? எந்த வருடம் சேர்ந்தாய், யார் உன்னைக் கொண்டுவந்தார்கள். அவ்வளவுதான். கைக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்பதில்லை.

யார் கொண்டுவந்தார்கள் என்பதன் பொருள் எனக்கு வெஸி வந்த பிறகுதான் புரிந்தது. வெஸி ஒரு வெளிநாட்டுத் திட்டத்தின் மூலம் நம் குழந்தைகள் வார்டுக்கு வந்தவள். கல்லூரியை விட்டு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவளுக்கு எல்லாம் சொல்லிக்கொடு என்று மேட்ரன் லிபண்டே என்னிடம் ஒப்படைத்தார். நானும் சொல்லிக்கொடுத்தேன். நல்ல பெண், வேலைக்கு அஞ்சாதவள். ஒருநாள் மதியம் இருவரும் ந்சீமாக் களியும் உசிப்பா மீனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பேச்சுவாக்கில் தன் சம்பளத்தைச் சொல்லிவிட்டாள். என்னுடையதைப் போல மூன்று மடங்கு. என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. “சிஸ்டர், எனக்கு நிஜமாவே தெரியாது” என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல் உருண்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அவள்மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அன்று வீட்டில் சொன்னபோது யான்கோ, “என் கண்டக்டர்கூட டிரிப்புக்கு இவ்வளவுன்னு கமிஷன் வாங்குறான். நீ நாள் முழுக்க டிரிப் ஏத்துறியே, உனக்கு என்ன குடுக்குறாங்க?” என்றார். சிரித்தேன். பிறகு உட்கார்ந்து மனு எழுதினேன். என் படிப்புக்குரிய படியைக் கொடுங்கள், அல்லது ஏன் கொடுக்க முடியாது என்று எழுத்தில் சொல்லுங்கள். இதற்குமேல் ஒரு வார்த்தை அதில் இல்லை.

எட்டாம் நாள் பதில் வந்தது. என்னை ஆண்கள் அறுவை வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். மேட்ரனிடம் ஓடினேன். அவர் தலை நிமிரவே இல்லை. “நீ ஜெனரல் நர்ஸ்தானே எனாலா? ஜெனரல் நர்ஸுக்கு எந்த வார்டா இருந்தா என்ன?” என்றார். மடாலோ, ஒன்பது வருடம் நானும் நீயும் அந்த வார்டில் நின்றிருக்கிறோம். அந்தச் சுவரில் பச்சை ஆமை வரைந்தது நீ. அடுத்த நாளே நான் கால் உடைந்த லாரி டிரைவர்களுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் காலை வெஸி தாழ்வாரத்தில் ஓடி வந்தாள். எட்டு மாதக் குழந்தை, அலினாஃபே என்று பெயர், மூன்று நாளாக வயிற்றுப்போக்கு, கண் உள்ளே போய்விட்டது. “ஆறு தடவ குத்திட்டோம் சிஸ்டர், நரம்பே கிடைக்கல. டாக்டரும் பார்த்துட்டார்.” பக்கத்திலிருந்த நர்ஸிடம் சொல்லிவிட்டு ஓடினேன். குழந்தை அழக்கூட இல்லை. அதுதான் பயம், உனக்குத் தெரியும். நெற்றிக்கு மேலே மயிரை மழித்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். நூல் போல ஒன்று. ஒரே குத்தில் இறங்கியது. டிரிப் ஓடி ஒரு மணி நேரத்தில் அது அழுதது. அதன் அம்மா இடுப்பில் சுற்றியிருந்த சிதேன்ஜேத் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை யாராவது ஓடி வந்தார்கள். நான் போகாமல் எப்படி இருப்பது? ஆனால் ஒன்று செய்தேன். ஒவ்வொரு முறையும் குழந்தைகள் வார்டின் அறிக்கைப் புத்தகத்தில் எழுதச் சொன்னேன்: “ஆண்கள் வார்டு நர்ஸ் எனாலா கம்வேண்டோ அழைக்கப்பட்டார். நரம்பு கிடைத்தது.” கீழே டாக்டர் கையெழுத்து. மூன்று மாதம் எழுதினார்கள்.

பிறகு மெமோ வந்தது. பணியிடத்தை விட்டு முப்பத்தேழு முறை வெளியேறினேனாம். வேலையிலிருந்து ஏன் நீக்கக்கூடாது என்று விளக்கம் கேட்டிருந்தார்கள்.

விசாரணைக்கு நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு போனேன். சிசலே முப்பத்தேழு தேதிகளையும் பாடம் ஒப்பிப்பது போல வாசித்தார். நான் எழுந்து, “கணக்கு சரி சார். முப்பத்தேழு தடவ கூப்பிட்டாங்க, முப்பத்தேழு தடவயும் போனேன். எந்தத் தடவ போயிருக்கக் கூடாதுன்னு நீங்களே சொல்லிடுங்க” என்று அறிக்கைப் புத்தகத்தை மேசையில் வைத்தேன். குழுத் தலைவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

அப்போது பின்னால் உட்கார்ந்திருந்த வெஸி எழுந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. “கூப்பிட்டது நான்தான். எனக்கு அவங்களைவிட மூணு மடங்கு சம்பளம் குடுக்கிறீங்க. எனக்கு நரம்பு கிடைக்கல, அவங்களுக்குக் கிடைச்சுது. மெமோ குடுக்கணும்னா எனக்குக் குடுங்க” என்றாள். மேட்ரன் அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

முடிவைக் கேள். மெமோவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். குழந்தைகள் வார்டுக்கே திரும்பப் போகலாம் என்றார்கள். அதோடு புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் இனி என் பொறுப்பாம். சம்பளப் படி? “பட்டியல்ல அப்படி ஒரு பதவி இல்லையே சிஸ்டர்” என்று சிசலே மறுபடியும் சொன்னார். கூடவே ஒரு பாராட்டுக் கடிதம். அதில் என் பெயரைத் தப்பாக அடித்திருக்கிறார்கள்.

வெஸியின் ஒப்பந்தம் நேற்றோடு முடிந்தது. புதுப்பிக்கவில்லை. காரணம் கேட்டாள், நிதி இல்லை என்றார்களாம். நேற்று என்னைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனாள்.

நேற்று வார்டில் ஐம்பத்தெட்டு குழந்தைகள், இரண்டு நர்ஸ்கள். நான் அங்கே உன்னிடம் வந்துவிட்டால் ஒருத்திதான். இதை எண்ணாமல் இல்லை மடாலோ. எண்ணி எண்ணித்தான் இந்தக் கடிதம் மூன்று நாளாக முடியாமல் கிடக்கிறது. அந்தக் குழந்தைகளை எனக்கு எதிராக நிறுத்துகிறவர்கள் யார்? நானா? படி கேட்டபோதெல்லாம் சிரித்தவர்களுக்கு அந்தக் கேள்வி ஏன் வருவதில்லை?

அங்கே நர்ஸ் வேலைக்கு நீ அனுப்பிய படிவத்தைப் பூர்த்தி செய்து இத்துடன் வைத்திருக்கிறேன். கூட வேலை பார்த்த ஒருவர் சான்று எழுத வேண்டும் என்று அதில் ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். நீதான் எழுத வேண்டும். புகழ வேண்டாம், உண்மைக்கு மேல் ஒன்றும் வேண்டாம். எனாலா கம்வேண்டோ ஒரு குழந்தைகள் நர்ஸ் என்று எழுது. எந்த நாட்டுக் காகிதத்திலாவது அது இருக்கட்டும்.

கடவுள் உன் கைகளைக் காப்பாராக. நான் போகப்போவதை உலேமுவிடம் யார் சொல்வது என்று நானும் யான்கோவும் இன்னும் பேசவில்லை. எங்கள் மூவருக்காகவும் ஜெபம் செய்.

உன்,
எனாலா