கதவோர நாற்காலி

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

போன் இருக்கும்போது இதென்ன கடுதாசி என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். இந்த வீட்டில் சமையலறையில் முணுமுணுத்தால் கூடத்தில் கேட்கும், கூடத்தில் தும்மினால் மாடிப்படியில் கேட்கும். நான் சொல்லப்போவது யார் காதிலும் விழக்கூடாது. பெரிய ரகசியம் ஒன்றுமில்லை, வயிறுதான்.

நாலு நாளானாலும் வெளிக்குப் போவதில்லை. வயிறு கல்லாட்டம் இருக்கிறது. போனால் ரத்தம். பயந்துபோய் டாக்டரம்மாவிடம் ஓடினேன். "உள்ளே வெடிப்பு இருக்குங்க. இப்படியே அடக்கி அடக்கி வெச்சீங்கன்னா ஆபரேஷன்லதான் போய் நிக்கும். மொதல்ல பழக்கத்தை மாத்துங்க" என்றார். ஆபரேஷனுக்கெல்லாம் நான் எங்கே போக? வீட்டில் இவர், மாமா, கொழுந்தன் என்று மூன்று ஆண்கள். நான் படுத்துக்கொண்டால் யாருக்கும் ஒரு வாய் வெந்நீர்கூடக் கிடைக்காது.

ஊர்ப் பெண்களுக்கெல்லாம் காலையில் வகுப்பு வைத்து உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லித் தருகிறாயே. கூடப் பிறந்தவளுக்கும் நாலு வார்த்தை எழுதிப் போடேன்.

உன்
பூசணி

மார்ச் 10

அடி பூசணி,

சின்ன வயதில் உன் தட்டையும் முடித்துவிட்டு என் தட்டையும் எட்டிப் பார்ப்பாயே, அந்த வயிற்றுக்கா இந்தக் கதி! படித்ததும் மனசு கேட்கவில்லை. சரி, அழாதே. சொல்வதை மட்டும் செய்.

எழுந்ததும் ஒரு பெரிய டம்ளர் வெந்நீர். ஒரே மூச்சில் கவிழ்த்துக்கொள்ளாமல் வாய் வாயாகக் குடி. சாப்பாட்டை மென்று தின்னு. நீ விழுங்குகிற ஜாதி, எனக்குத் தெரியும். நின்றுகொண்டே அடுப்பங்கரையில் சாப்பிட்டாயானால் அங்கு வந்து உதைப்பேன். கீரை, பழம் தினமும் வேண்டும். சாப்பிட்டபின் கொஞ்ச தூரம் நட. ராத்திரிச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடி.

எல்லாவற்றையும்விட முக்கியம் இதுதான். தினமும் அதே நேரத்துக்குப் போய் உட்கார். வந்தாலும் வராவிட்டாலும் பத்து நிமிடம். காலுக்கு அடியில் ஒரு சின்ன முக்காலி போட்டுக்கொள், மூச்சை மெதுவாக விடு, எந்த அவசரமும் கூடாது. என் வகுப்பில் உன்னைப் போல எத்தனை பேர் வந்து அழுதார்கள் தெரியுமா? எல்லாரும் இப்போது சௌக்கியம்.

மாப்பிள்ளைக்கும் உன் மாமனாருக்கும் என் விசாரிப்பைச் சொல்.

அக்கா

மார்ச் 19

அன்புள்ள அக்கா,

நீ சொன்னதெல்லாம் செய்கிறேன். கீரை ஆய்ந்து விரல் பச்சையாகிவிட்டது. மெல்லுகிறேன், மெல்லுகிறேன், வாய் வலிக்கிறவரை மெல்லுகிறேன். கொழுந்தன், "அண்ணி, அது சாப்பாடு, சூயிங்கம் இல்ல" என்று கிண்டல் பண்ணுகிறான். வெந்நீர் நன்றாகவே வேலை செய்கிறது. அதுதான் அக்கா பிரச்சினையே.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். எங்களுக்கு இருப்பது ஒரே கழிப்பறை. அதன் கதவு கூடத்தில் திறக்கும். தரையை உயர்த்திப் போட்டபோது கதவின் அடியை அறுத்துவிட்டார்கள், இரண்டு விரல் இடைவெளி. அந்தக் கதவை ஒட்டித்தான் மாமாவின் பிரம்பு நாற்காலி. காலையிலிருந்து ராத்திரி வரை அங்கேதான். காலம் பூரா பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர் அல்லவா, ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லாரையும் விசாரித்தே பழகிவிட்டார். நான் உள்ளே போய் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில், "இன்னும் நேரமாகுமாம்மா?" என்பார். வெளியே வந்தால், "நல்லா போச்சாம்மா?" பாசமாகத்தான் கேட்கிறார், ஒரு துளி விகல்பம் கிடையாது. ஆனால் அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு உள்ளே எல்லாம் இறுகிப்போகிறது. அப்படியே எழுந்து வந்துவிடுவேன். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான்.

இவரிடம் சொன்னேன். "அப்பா அக்கறையா கேக்கறார், அதுல உனக்கு என்ன வந்துச்சு?" என்கிறார். ஊரெல்லாம் போய்க் குழாய் போட்டுக் கழிப்பறை கட்டிக் கொடுக்கிற மனுஷர்! இது வாடகை வீடு, இன்னொன்று கட்ட வீட்டுக்காரர் விடமாட்டார். போன வாரம் அவர் வேலை செய்கிற புது அடுக்குமாடிக்கு என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். படுக்கையறைக்குள்ளேயே ஒரு குளியலறை. தரைவரை கதவு, உயரத்தில் ஒரு ஜன்னல். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். தண்ணீர் இணைப்பு இன்னும் கொடுக்கவில்லை, அதனால் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு நிம்மதி அக்கா, அழுதே விட்டேன். இவர் கதவைத் தட்டி, "உள்ள என்னதான் பண்றே?" என்கிறார். என்னவென்று சொல்வது?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், திட்டாதே. ராத்திரி நான் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டால்தானே போகவேண்டி வரும்?

உன்
பூசணி

மார்ச் 26

பூசணி,

திட்டாமல் என்ன செய்ய? பட்டினி கிடந்து வயிற்றைச் சரி பண்ணுகிறவளை இப்போதுதான் பார்க்கிறேன். உடம்பு உன்னுடையதா, அந்த நாற்காலியுடையதா? உன் கடுதாசியைப் படித்துவிட்டு வகுப்பில் போய், "ரிலாக்ஸா மூச்சு விடுங்க" என்று கத்தியிருக்கிறேன். எல்லாரும் பயந்துவிட்டார்கள்.

நாற்காலியை வாசல் பக்கம் மாற்றச் சொல். அவ்வளவுதான் விஷயம். நீ வாய் திறக்கமாட்டாய் என்றால் நான் மாப்பிள்ளையிடம் பேசுகிறேன்.

அதுவரைக்கும் ஒன்று செய். ஆண்கள் வேலைக்குக் கிளம்பியதும் உள்ளே போ. அவர் எத்தனை தடவை கேட்டாலும் பதில் சொல்லாதே. காது கேட்காத மாதிரி உட்கார்ந்திரு. அந்தப் பத்து நிமிடம் உன்னுடையது. அதை யாருக்கும் விட்டுக்கொடுக்காதே. ராத்திரி சாப்பிடு!

அக்கா

ஏப்ரல் 2

அன்புள்ள அக்கா,

நீ சொன்னபடி செய்தேன். பதில் சொல்லவில்லை. பத்து நிமிடம் உட்கார்ந்தேன். பல வருஷத்துக்குப் பிறகு வலியில்லாமல் போனேன்.

அப்புறம் வெளியே வந்தேன். அங்கே நடந்ததை எழுத முடியாது. ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

உன்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். நாற்காலியைப் பற்றி இவரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாதே. அது அங்கேயே இருக்கட்டும். ஏன் என்று கேட்காதே.

உன்
பூசணி

ஏப்ரல் 8

அடி அசடே,

உன் கடுதாசி கைக்கு வருவதற்கு முதல் நாளே மாப்பிள்ளைக்குப் போன் போட்டுவிட்டேன். டாக்டர் சொன்னதையும் ரத்தத்தையும் நீ பட்டினி கிடப்பதையும் ஒன்று விடாமல் சொன்னேன். பாவம், ஆடிப்போய்விட்டார். "எனக்குத் தோணவே இல்ல அண்ணி. ஞாயித்துக்கிழமையே அப்பா நாற்காலியை வாசப்பக்கம் மாத்திடறேன். கதவுக்கு அடியில பலகையும் அடிச்சிடறேன்" என்றார். தங்கமான மனுஷர்.

வாக்காம், கும்பிடுகிறாளாம்! மாமனார் முகம் சுளித்திருப்பார், நீ பயந்திருப்பாய், வேறென்ன? கிழவருக்கு ரெண்டு நாள் கோபம் இருக்கும், அப்புறம் சரியாகிவிடும். தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டு காற்றாட உட்காரட்டுமே. கதவு இருக்கிறது, தாழ்ப்பாள் இருக்கிறது, இனி நிம்மதியாகப் போ. எனக்கு நன்றி சொல்லி ஒரு வரி எழுது, போதும்.

அக்கா

ஏப்ரல் 21

அக்கா,

நன்றி சொல்ல இதை எழுதவில்லை. கோபத்தில் மூன்று தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது, நடந்ததைச் சொல்கிறேன். மாமா தன் பிள்ளைகளிடம்தான் சொல்லக்கூடாது என்றார். உன்னோடு இது நிற்கட்டும்.

அன்றைக்கு உள்ளே உட்கார்ந்திருந்தேன். "இன்னும் நேரமாகுமாம்மா?" என்றார். பேசவில்லை. கொஞ்சம் பொறுத்து, "அம்மா, இன்னும் நேரமாகுமா?" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை மெதுவாக விட்டேன், நீ சொன்ன மாதிரி. மூன்றாம் தடவை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அப்போதும் நான் அசையவில்லை. அப்புறம் சத்தமே இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன் அக்கா.

வெளியே வந்தால், நாற்காலியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். வேட்டி, நாற்காலி, தரை எல்லாம் நனைந்து, அசிங்கமாகி... துண்டால் மடியை மூடப் பார்க்கிறார். "நீ போம்மா, நான் பாத்துக்கறேன்" என்றார். எழுந்திருக்கவே முடியவில்லை அவரால்.

நான்தான் குளிப்பாட்டினேன். நாற்காலியைக் கழுவி வெயிலில் வைத்தேன். என் பக்கம் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார். "கண்டக்டர் வேலையில பஸ்ஸு எங்கம்மா நமக்காக நிக்கும்? நாள் பூரா அடக்கினேன். இப்ப வந்துச்சுன்னா ஒரு நிமிஷம்கூட நிக்கமாட்டேங்குது. அதான் இங்கயே உக்காந்திருக்கேன். பசங்களுக்குத் தெரிஞ்சா குழந்தை மாதிரி துணி கட்டி உக்கார வெச்சிடுவானுங்க. சொல்லிடாதேம்மா."

"நல்லா போச்சாம்மா" என்று எல்லாரையும் கேட்பதுகூட, தான் கதவு பக்கத்திலேயே இருப்பதற்கு ஒரு சாக்கு. இவ்வளவு நாள் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன், எனக்குப் புரியவில்லை.

இந்த நிலையில்தான் உன் போன். ஞாயிற்றுக்கிழமை இவர் விசிலடித்துக்கொண்டே நாற்காலியைத் தூக்கி வாசலில் போட்டார். "வெளிச்சம் பாருங்கப்பா, காத்து பாருங்க!" மாமா, "நல்லாருக்குப்பா" என்றார். இவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். முதன்முறையாக எனக்கென்று ஒன்று செய்திருக்கிறார். நான் என்ன சொல்ல? வாயைத் திறந்தால் மாமாவின் மானம் போகும்.

அன்றிலிருந்து மாமா தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டார். காலையில் வைத்த வெந்நீர் அப்படியே ஆறிக் கிடக்கும். ராத்திரி தட்டை வைத்தால், "பசியில்லம்மா, வயிறு மந்தமா இருக்கு" என்பார். எனக்குத் தெரியாதா அந்த வித்தை? எதிரெதிரே உட்கார்ந்து இரண்டு பேரும் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்போம். இவர், "இந்த வீட்டுல ரெண்டு பேருக்கும் என்னதான் வியாதி?" என்று கத்துவார். மாமா உதடு வெடித்து, எழுந்தால் தலை சுற்றி, முந்தாநாள் வாசற்படியில் சாய்ந்துவிட்டார்.

நேற்று இவர் வேலைக்குப் போனதும் நாற்காலியை நானே தூக்கி வந்து பழைய இடத்தில் போட்டேன். சாயங்காலம் வந்தவர் பார்த்துவிட்டு முகம் சுண்டிப்போனார். "உனக்காகத்தானே மாத்தினேன்?" என்றார். வாசல் வெயில் மாமாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு பொய் சொன்னேன். "உங்களுக்கெல்லாம் நல்லது பண்ண வந்தேன் பாரு" என்று போய்ப் படுத்துக்கொண்டார். இன்னும் என்னோடு பேசவில்லை. அடுத்த தடவை வலிக்கிறது என்று சொன்னால் நம்புவாரா, தெரியவில்லை.

இதற்கும் உன்னிடம் ஒரு வழி இருக்கும். எழுதாதே. போனும் செய்யாதே. நீ தப்பாக ஒன்றும் சொல்லவில்லை அக்கா, எல்லாம் சரியாகத்தான் சொன்னாய். ஆனால் உன் வகுப்பில் ஒருத்திக்கு ஒரு உடம்பு. இங்கே ஒரு கதவுக்கு ரெண்டு உடம்பு. டாக்டரம்மா அடுத்த மாதம் பார்த்துவிட்டு ஆபரேஷனை முடிவு பண்ணலாம் என்கிறார். நடப்பது நடக்கட்டும்.

இன்று காலை ஆண்கள் கிளம்பியதும் இரண்டு டம்ளரில் வெந்நீர் கொண்டுபோய் அவர் முன்னால் உட்கார்ந்தேன். "நீங்க குடிச்சாத்தான் நான் குடிப்பேன் மாமா" என்றேன். அவர் ஒரு டம்ளரை எடுத்துக் குடித்தார். நானும் குடித்தேன். அவர் முதலில் போய்விட்டு வந்தார். பிறகு உட்காராமல் கைத்தடியை எடுத்துக்கொண்டு, "பேப்பர் வந்துடுச்சான்னு வாசல்ல பாத்துட்டு வரேன்மா. மெதுவாதான் வருவேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

எங்கள் வீட்டுக்குப் பேப்பர் வருவதே இல்லை, அக்கா.

உன்
பூசணி