பாதிக் கல்லை இறக்கச் சொன்னாய்

லோர்னா,

அடுப்பில் பீன்ஸ் சூப் இருக்கிறது. மாவுக்கட்டுக் கையோடு விறகைத் தூக்காதே. பக்கத்துப் பண்ணை பெஸ் பத்து மணிக்கு வந்து கணப்பைப் பார்த்துக்கொள்வார். அவர் கணவர் டிராக்டர் கொண்டுவந்திருக்கிறார். நம் ஜப்பான் குட்டி டிரக்கைப் பள்ளத்திலிருந்து இழுக்கப் போகிறோம்.

"பாதிக் கல்லை இறக்கு ட்வைட், சின்ன வண்டி, சரிவுல தாங்காது" என்று நேற்று சுவருக்குக் கல் ஏற்றி வரும்போது நீ சொன்னாய். "பயமா இருந்தா இறங்கி நடந்து வா" என்று கத்தினேன். நீ இறங்கவில்லை. என்னைத் தனியே விட மனமில்லாமல்தான் உட்கார்ந்திருந்தாய் என்பது வண்டி கவிழ்ந்த பிறகுதான் உறைத்தது.

ட்வைட்

மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடு.

இன்னொன்று. எப்படி அடிபட்டது என்று நர்ஸ் கேட்டபோது, "நான்தான் வழுக்கி விழுந்துட்டேன்" என்றாய். பக்கத்தில் நின்றும் நான் வாயைத் திறக்கவில்லை. காலையில் பெஸ்ஸிடம் போனில் உண்மையைச் சொல்லிவிட்டேன். உன்னை எழுப்பி மன்னிப்புக் கேட்கத்தான் தைரியம் வரவில்லை.