மூன்றாம் மாடிக்குப் பின்வாசல்

அடி குண்டுமணி,

இன்றைக்கும் உன் தட்டில்தான் சோறு போட்டுக்கொண்டேன். ஆனையை விரட்டுவதற்காக நீ கரண்டியால் அடித்து அடித்து நடுவில் பள்ளம் விழுந்த தட்டு. குழம்பை எங்கே ஊற்றினாலும் ஓடிப்போய் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்துகொள்கிறது. ஓரத்துச் சோறு காய்ந்து கிடக்கிறது, நடுச்சோறு நீந்துகிறது. இத்தனை வருசம் இதில் எப்படித்தான் சாப்பிட்டாயோ. சாப்பிட்டு அப்படி உருண்டையாகவும் இருந்தாய்.

இன்றைக்குச் சோறு இறங்கவில்லை. என் மகள் செல்வி என்னோடு பேசாமல் வேலைக்குப் போயிருக்கிறாள். "வேலை இருக்கா இல்லையான்னு அங்க போனாத்தான் தெரியும்" என்று கதவைப் பார்த்துச் சொன்னாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நேற்று அவள் கடையில் நான் செய்துவைத்த காரியம் அப்படி. எல்லாம் உன்னால் வந்தது. உன்னைத் திட்ட நேரில் ஆள் இல்லையே, அதனால்தான் எழுத்துக் கூட்டி எழுதுகிறேன்.

நான் இப்போது வாளையாரில் செல்வி வீட்டில் இருக்கிறேன். தேயிலை எஸ்டேட் வேலை முடிந்ததும் லயத்து வரிசை வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். செல்வியின் அப்பாவும் போனபிறகு எனக்கு அங்கே யார் இருக்கிறார்கள், நீயும் இல்லாமல்? அங்கே சின்னக்கானலில் ஆனை பிளிறும். இங்கே லாரி பிளிறுகிறது. முதல் வாரம் ஒவ்வொரு ஹாரனுக்கும் எழுந்து பின்வாசல் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தேன். மருமகன் பதறிப்போய், "ஏனுங்க அத்தை, திருடனுங்களா?" என்று கேட்டார். "இல்ல மாப்ள, ஆனை" என்றேன். அவர் செல்வியைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும்.

உன் சட்டம்தானே அது. எந்த வீட்டுக்குள் போனாலும் முதலில் பின்வாசலைப் பார்க்க வேண்டும். அது திறக்கிறதா, வழியில் ஏதாவது கிடக்கிறதா என்று பார்த்த பிறகுதான் உட்கார வேண்டும், காப்பி குடிக்க வேண்டும், யார் செத்தார்கள், யார் பிறந்தார்கள் என்று விசாரிக்க வேண்டும். துக்க வீட்டுக்குப் போனாலும் நீ நேராக அடுப்படி வழியாகப் பின்கட்டுக்குப் போய் வந்துதான் அழ உட்காருவாய். ஆனை முன்வாசலுக்குத்தான் வரும் என்று உனக்கு யார் சொன்னார்களோ. ஆனால் நம் லயத்துக்கு அது முன்வாசலுக்குத்தான் வந்தது.

மழைக்காலத்தில் என் வீட்டுக்காரர் விறகு நனையக்கூடாது என்று பின்கதவில் சாத்தி அடுக்கிவைத்தார். நீ கொழுந்துக்கூடையை இறக்காமலே வந்து நின்று பார்த்தாய்.

"ஏட்டி, இது என்ன விறகா, சமாதியா?"

"நனைஞ்சிரும்னு வச்சிருக்காக."

"நனைஞ்சா காய வைக்கலாம். நீ நசுங்குனா யாரு ஒன்னையக் காய வைப்பா?"

சொன்ன கையோடு ஒவ்வொன்றாக எடுத்து மழைக்குள் எறிந்தாய். வந்து பார்த்த என் வீட்டுக்காரர் உன் ஏழு தலைமுறையையும் இழுத்தார். ஈர விறகில் அடுப்பு புகைந்து, எங்கள் மூன்று பேருக்கும் கண் எரிந்தது. "அந்தக் குட்டப் பிசாசு இனி இந்த வாசப்படி ஏறக்கூடாது" என்று அவர் உத்தரவே போட்டார். பிறகு ஒரு விடியக்காலை ஆனை வந்து முன்கதவை நிலையோடு பிடுங்கி முற்றத்தில் வைத்தது. நாங்கள் பின்வாசல் வழியாக உன் வீட்டுக்கு ஓடிவந்தோம். ஆனை எங்கள் ரேசன் அரிசியை நிதானமாகத் தின்றுவிட்டு, உப்பு டப்பாவையும் நக்கிவிட்டுப் போயிற்று. அன்றையிலிருந்து அவர் உன்னைத் 'தாயி' என்றுதான் கூப்பிட்டார். நீயும் விடவில்லை. "குட்டப் பிசாசுக்கு ஒரு காப்பி கெடைக்குமா?" என்று கேட்டுக்கொண்டேதான் கடைசிவரைக்கும் எங்கள் வாசப்படி ஏறினாய்.

அதையெல்லாம் விடு. உன்னை மாலுக்குக் கூட்டிக்கொண்டு போனேனே, அதற்கு என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

செல்விக்கு அங்கே துணிக்கடையில் வேலை கிடைத்த புதுசு. பார்த்துவிட்டு வரலாம் என்று போடிமெட்டு இறங்கி, பஸ் மாறி பஸ் மாறி நாம் இருவரும் வந்தோம். கண்ணாடிக் கதவைத் தாண்டியதும் எல்லோரும் விளக்கைப் பார்த்தார்கள், குளிரைப் பார்த்தார்கள். நீ செக்யூரிட்டியைப் பார்த்தாய்.

"தம்பி, பின்வாசல் எங்கன இருக்கு?"

"டாய்லெட்டோ சேச்சி? நேரே போயிட்டு லெஃப்ட்."

"கக்கூசு இல்லப்பா. பின்வாசல்."

அவன் பாவம், இன்னொருத்தனைக் கூப்பிட்டான். அவனும் கக்கூஸைக் காட்டினான். மூன்றாவதாக ஒரு பெண்பிள்ளை வந்து உன் கையைப் பிடித்து, "அம்மாவுக்கு ரொம்ப அவசரமோ?" என்று கேட்டு, கக்கூஸ் வாசலிலேயே கொண்டுபோய் விட்டாள். "வந்ததுக்குப் போயிட்டாவது வாறேன்" என்று நீ உள்ளே போனாய். நான் வெளியே நின்று சிரித்த சிரிப்புக்கு எனக்கே உள்ளே போக வேண்டியதாயிற்று.

ஓடுகிற படியில் ஏறமாட்டேன் என்றாய். "படின்னா நிக்கணும், நாமதான் ஏறணும். படி ஏறுனா நமக்கு என்ன வேலை?" என்று கேட்டாய். கடைசியில் செல்வி உன்னைக் கட்டிப் பிடித்துத்தான் மூன்றாம் மாடிக்கு ஏற்றினாள். அங்கேதான் அவள் துணிக்கடை, பக்கத்திலேயே சாப்பாட்டுக் கடைகள். பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் கல்யாண நாள் கொண்டாடிக்கொண்டிருந்தது. அவர்களுக்கு இரும்புத் தட்டில் கோழி வந்தது. புகை என்றால் அப்படி ஒரு புகை. சடசடவென்று சத்தம் வேறு. அவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள்.

நீ சிரிக்கவில்லை. எழுந்தாய். நம் மேசைத் தண்ணீர்க் கூஜாவை எடுத்தாய். நான் "ஏட்டி, ஏட்டி" என்று சொல்லி முடிப்பதற்குள் மொத்தத்தையும் அந்தக் கோழியின் மேல் கவிழ்த்துவிட்டாய்.

சுடுகிற இரும்பில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று அடுப்படியில் பிறந்து வளர்ந்த நமக்குத் தெரியாதா? புஸ்ஸென்று ஆவி கூரைக்குப் போயிற்று. அந்த அம்மாள் தலையில் வெங்காயம். கூரையில் எங்கோ மணி அலற ஆரம்பித்தது.

அப்போதுதான் நீ உண்மையாகவே பயந்துபோனாய். மணிக்காக இல்லை. மணி அந்த அலறு அலறியும் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை என்பதற்காக. தலையைத் தூக்கிப் பார்த்தார்கள், திரும்பவும் தின்றார்கள். லயத்தில் ஒரு வீட்டில் தட்டைத் தட்டினால் பத்து வீட்டின் பின்கதவும் திறக்கும். இங்கே இத்தனை பேர் இருந்தும் எவனும் பிட்டத்தை அசைக்கவில்லை. நீ உன் தட்டை எடுத்து அடித்தாய். அது பிளாஸ்டிக் தட்டு. டொப் என்றது. "தட்டுகூட ஏமாத்துது பாரு" என்று அதை எறிந்துவிட்டு, ஒரு கடையின் எவர்சில்வர் ட்ரேயைப் பிடுங்கிக் கரண்டியால் அடிக்க ஆரம்பித்தாய்.

"வெளிய போங்க! புள்ளைகளத் தூக்கிக்கிட்டு வெளிய போங்க!"

ஜனம் வந்தது. வெளியே போகவில்லை, உன்னைச் சுற்றி வந்து நின்றது. செல்போனை எடுத்தார்கள். ஏதோ கலை நிகழ்ச்சி என்று நினைத்துவிட்டார்கள். ஒரு ஆள் தாளத்துக்குத் தலையாட்டினான். நீ அடிக்க அடிக்கக் கூட்டம் பெருத்தது. ஆனையை விரட்டிய தட்டுச் சத்தத்துக்கு மனுசர்களை விரட்டத் தெரியவில்லை.

பிறகு செக்யூரிட்டிகள் ஓடிவந்து, எல்லோரும் அவசரப் படிக்கட்டு வழியாக இறங்குங்கள் என்றார்கள். பச்சை விளக்கு எரிகிற கதவைத் திறந்தார்கள். "இதைத்தானடா காலையில இருந்து கேட்டுக்கிட்டு இருக்கேன்!" என்று கத்தினாய். கதவுக்குப் பின்னால் படி இல்லை, குண்டுமணி. இருந்தது, ஆனால் தெரியவில்லை. அட்டைப் பெட்டிகள் தலைக்குமேல் அடுக்கிக் கிடந்தன. அவற்றுக்கு முன்னால் துணியே இல்லாமல் துணிக்கடைப் பொம்மைகள் கும்பலாக நின்றன. முன்னால் போனவர்கள் பின்னால் திரும்ப, பின்னால் வந்தவர்கள் முன்னால் தள்ள, நானும் செல்வியும் ஒரு பொம்மையின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றோம். செல்விக்கு மூச்சு முட்டி முகம் வெளுத்துப்போனதை அன்றைக்குப் பார்த்தேன். அதை இன்றைக்கும் மறக்கவில்லை.

தீ இல்லை, தீ இல்லை என்று யாரோ சொன்ன பிறகுதான் தள்ளுமுள்ளு நின்றது. டை கட்டிய ஒருவர் வந்து, யார் தண்ணீர் ஊற்றியது என்று கேட்டார். வெங்காயத் தலை அம்மாள் உன்னைக் காட்டினாள். "தீயே இல்லைம்மா, அந்த ஐட்டம் அப்படித்தான் வரும். இப்படிச் செய்யலாமா?" என்று அவர் உன்னைத் திட்டினார். நீ செய்தது தப்புதான். அந்தக் குடும்பத்துக்குக் கும்பிடு போட்டு மன்னிப்பும் கேட்டாய். கேட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினாய்.

"இல்லாத தீக்கே எங்களுக்கு வழி இல்ல. இருக்கிற தீ வந்தா எங்க சார் போவோம்?"

அவர் செக்யூரிட்டிகளுக்குக் கை காட்டினார். நம்மை வாசல்வரைக்கும் மரியாதையாகக் கொண்டுவந்து விட்டார்கள். இனி வராதீர்கள் என்பதற்கு அப்படி ஒரு மரியாதை. பஸ்ஸில் நான் உன்னோடு பேசவில்லை. போடிமெட்டு வளைவுகளில் எனக்குக் குமட்டியபோது, என் தலையைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னாய்: "ஆனை வந்தா சூப்பர்வைசரு வந்தாடி கதவு தொறப்பாரு? ஒன் கதவ நீதான் பாத்துக்கணும்." அதற்குப் பிறகு எந்த ஊருக்குக் கிளம்பினாலும் இந்தத் தட்டையும் கரண்டியையும் பையில் போட்டுக்கொண்டாய். ஆஸ்பத்திரிக்குக் கடைசியாகப் போனபோதும்.

இப்போது நேற்றைய கதைக்கு வருகிறேன்.

ஓணம் வருகிறது. செல்வி சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போனாள் என்று கொண்டுபோனேன். போன இடத்தில் கால் தானாகப் பச்சை விளக்குக் கதவுக்குப் போயிற்று. தள்ளினேன். அரையடி திறந்து நின்றுவிட்டது. அதே மாதிரி பெட்டிகள். கடைக்கு வந்த புதுச் சரக்கு. செல்வி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

"அம்மா, பேசாமப் போங்க. பண்டிகை முடிஞ்சா எடுத்துருவாங்க."

"தீ பண்டிகை முடியட்டும்னு காத்திருக்குமாடி?"

"இங்க வாய தொறந்தா நாளைக்கே வேற ஆளப் போட்டுருவாங்க. குண்டுமணிப் பெரியம்மா மாதிரி நீங்களும் ஆரம்பிக்காதீங்க."

நான் ஆரம்பிக்கவில்லை. வாயையும் திறக்கவில்லை. அவள் கடைக்கு வந்த ஆளைக் கவனிக்கப் போனதும் தோளால் கதவை நெம்பித் திறந்து ஒரு பெட்டியைத் தூக்கினேன், அவ்வளவுதான். கொழுந்து சுமந்த முதுகுக்குச் சுரிதார் பெட்டி ஒரு பாரமா? எங்கே வைப்பது என்று பார்த்தேன். பக்கத்திலேயே கடை மேனேஜரின் கண்ணாடி அறை. அவர் முதுகைக் காட்டிக்கொண்டு போன் பேசிக்கொண்டிருந்தார். அவர் கதவில் சாத்தி வைத்தேன். இன்னொன்று. அதன்மேல் இன்னொன்று. பேக்கிங் செய்கிற பெண்கள் இரண்டு பேர் என்னைப் புது வேலையாள் என்று நினைத்து, "அக்கா, நேரா அடுக்குங்க, சரிஞ்சிரும்" என்று அவர்களும் தூக்கினார்கள். மேனேஜர் திரும்பியபோது பெட்டிகள் அவர் கழுத்துவரைக்கும் வந்திருந்தன. கதவைத் தள்ளினார். அசையவில்லை.

"ஏனுங்கம்மா! என்ன பண்றீங்க? யாருங்க நீங்க?"

"படியில கெடந்துச்சு சார். எடுத்து வச்சேன்."

"நான் எப்படீங்க வெளிய வர்றது?"

"பின்வாசல் வழியா வாங்க சார்."

"இங்க பின்வாசல் இல்லீங்க!"

"அப்ப உள்ள ஏன் சார் உக்காந்திருக்கீங்க?"

நானாடி பேசினேன்? சத்தியமாக உன் குரல்தான் வந்தது. பேக்கிங் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். செல்வி வந்து பார்த்தாள், பார்த்து அப்படியே நின்றாள். "நாளைக்கு வந்து என்னைப் பாருங்க" என்று அந்த மனுசன் கண்ணாடிக்குள்ளிருந்து அவளிடம் சொன்னார். இந்தப் பக்கத்து ஜனம் கோபத்திலும் 'ங்க' விடுவதில்லை. அதனால் எவ்வளவு கோபம் என்றே தெரியவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. செல்விதான்.

"அம்மா, வேலை இருக்கு. ஆனா ஓணம் முடியிற வரைக்கும் நீங்க கடைப் பக்கம் வரக்கூடாதாம்."

"படி?"

"ஒரு பெட்டிகூட இல்ல. எல்லாத்தையும் குடோனுக்கு ஏத்திட்டாங்க. நானே கீழ வரைக்கும் இறங்கிப் பாத்துட்டுத்தான் பேசுறேன்." குரலைத் தாழ்த்தினாள். "மேனேஜர் ஆசாரியக் கூட்டிட்டு வந்து அவரு ரூமுக்குப் பின்னாடி அளந்துக்கிட்டு இருக்காரும்மா."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு மெதுவாக, பெரியம்மா தட்டை நாளைக்கு அவள் பையில் வைக்கச் சொன்னாள். முடியாது, கடையில் வேறு தட்டு வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டேன். பள்ளம் விழுந்தது எனக்கு.

குழம்பு ஆறிப்போயிற்று. சாப்பிட வேண்டும். சாப்பிடும்போதெல்லாம் அந்த ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வருகிறது. மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்த நீ, நர்சைக் கூப்பிட்டு, "பின்வாசல் எங்க தாயி?" என்றாய். அந்தப் பிள்ளையும் கக்கூஸைத்தான் காட்டிற்று. நாம் இருவரும் சிரித்தோம். உனக்கு இருமல் வந்தது. நாம் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

மேலே போனதும் நீ யாரையும் கும்பிடுவதற்கு முன்னால் அதைத்தான் கேட்டிருப்பாய். கேட்டாயா குண்டுமணி? காட்டினார்களா, இல்லை அங்கேயும் கக்கூஸைத்தான் காட்டினார்களா?